‘ஆவரேஜ்’ : ஒரு சொல்லின் கடற்பயணம்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், ‘ஆவரேஜ்’ என்னும் சொல்லை அயற்சொல் என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவரும், திருவொற்றியூரில் இருசக்கர வண்டி பழுது பார்ப்பவரும், நம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்துபவரும் ஒரே நாளில் பலமுறை இச்சொல்லை ஆள்கின்றனர். “ஆவரேஜா கிலோ முந்நூறுக்குப் போச்சு” என்கிறார் முதலாமவர். “ஆவரேஜா நாப்பது குடுக்குது” என்கிறார் இரண்டாமவர். “பையன் ஆவரேஜ்தான்” என்கிறார் மூன்றாமவர். முதலிரண்டும் கணக்கு. மூன்றாவது கணக்கன்று, தீர்ப்பு.

பெற்றோர் கூட்டத்தன்று இத்தீர்ப்பு எத்தனை முறை வழங்கப்படுகின்றது என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். நன்றாகப் படிப்பவனைப் பற்றிச் சொல்ல நமக்குச் சொற்கள் உண்டு. சற்றும் படியாதவனைப் பற்றிச் சொல்லவும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெருங்கூட்டத்தை ஒரே சொல்லில் அடக்கி அனுப்பிவிட ‘ஆவரேஜ்’ உதவுகிறது. அச்சொல்லைக் கேட்ட தகப்பனார் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. கேட்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று அவரும் கருதுகின்றார், சொன்னவரும் கருதுகின்றார். அச்சொல்லினுள் கேட்பதற்கு ஏராளம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சொல்லின் பிறப்பை முதற்கண் நோக்குவோம். ஆங்கிலத்தில் இது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. அப்போது அதற்குச் சராசரி என்னும் பொருள் இல்லை. கடல்வழிச் சரக்கில் நேர்ந்த சேதம், அச்சேதத்தால் வரும் செலவு என்பனவே அதன் பொருள். பிரெஞ்சு மொழியின் ‘அவாரி’ என்னும் சொல்லே ஆங்கிலத்திற்கு வந்து, ‘டேமேஜ்’ போன்ற சொற்களின் ஈற்றை ஒட்டி ‘ஆவரேஜ்’ ஆயிற்று. பிரெஞ்சு அதனை இத்தாலியரின் ‘அவாரியா’விலிருந்து பெற்றது. இத்தாலியர் பெற்றது யாரிடமிருந்து? ஜெனோவா, வெனிஸ் முதலிய துறைகளின் வணிகர் அலெக்சாந்திரியாவிலும் சிரியக் கரையிலும் அரபு வணிகரோடு கொண்டிருந்த கொள்வினை கொடுப்பினையின் வழியே இச்சொல் அவர்தம் கணக்கேடுகளில் புகுந்தது. அரபியில் ‘அவார்’ என்றால் பண்டத்தில் உள்ள குறை, பழுது. பழுதுற்ற சரக்கு ‘அவாரியா’. இலத்தீனத்தில் வேர் தேடியவர்களும் உண்டு. எனினும், பெரும்பாலான அகராதிகள் இன்று அரபு மூலத்தையே ஏற்கின்றன.

‘அவார்’ நம் சமுதாயத்தினருக்கு முற்றிலும் புதிய சொல்லன்று. ஐன், வாவ், றா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த அதன் உடன்பிறப்புகள் நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்குகின்றன. தொழுகைக்கு மறைக்க வேண்டிய உடற்பகுதியைக் குறிக்கும் ‘அவ்ரத்’ அவ்வேரினதே. உருதுவிலும் இந்தியிலும் பெண்ணைக் குறிக்கும் ‘ஔரத்’ அதன் திரிபே. ஒற்றைக் கண்ணனை ‘அஃவர்’ என்பதும் அவ்வேரே. தஜ்ஜாலைப் பற்றிய செய்திகளில் இச்சொல்லைக் கேளாதார் நம்முள் இலர். இவை யாவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது ஒன்றுண்டு. ஜகாத்தாகக் கொடுக்கும் கால்நடை ‘அவார்’ உடையதாக இருத்தலாகாது என்னும் விதி, முதற்கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பிய ஜகாத் கட்டளையில் இடம்பெற்றுள்ளது. இன்று நம் மாணவனைப் பார்த்து நாம் சொல்லும் ‘ஆவரேஜ்’, அன்று ஆட்டையும் ஒட்டகத்தையும் பார்த்துச் சொல்லப்பட்ட சொல்லின் வழிவந்தது.

கடலோடு வந்த அரபுச் சொற்களைத் தமிழும் ஏற்றுக்கொண்டதை நம் மாணவர் அறிதல் வேண்டும். சுக்கானைப் பிடிக்கும் மாலுமியை நாம் தமிழரென்றே கருதுகிறோம், தவறில்லை. ஆனால் ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’யும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. முஅல்லிம் என்பார் கற்பிப்பவர், கப்பலில் வழி அறிந்து செலுத்துபவர். மதரஸாவில் குழந்தைக்கு அலிஃப் சொல்லித் தருபவருக்கும் நடுக்கடலில் விண்மீன் பார்த்துத் திசை சொல்பவருக்கும் ஒரே பெயர்! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கு இதில் வியப்பேதும் இருந்திராது. ஆசிரியராகிய நமக்கு மட்டும் சற்றுப் பெருமை. கூடவே சற்று அச்சமும்.

இனி, ‘அவாரியா’ எவ்வாறு ஒரு நீதிமுறையின் பெயராயிற்று என்பதைக் காண்போம். இதுவே கட்டுரையின் நடுக்கண்.

ஒரு கப்பல் புறப்படுகிறது. கணக்கிற்கு எளிதாக, கப்பலின் மதிப்பு 60 இலட்சம் என்று கொள்வோம். காயலார் ஒருவரின் துணி 20 இலட்சம். கீழக்கரையார் ஒருவரின் சங்கு 10 இலட்சம். நாகூரார் ஒருவரின் அரிசி 10 இலட்சம். ஆக 100 இலட்சம். நடுக்கடலில் புயல். பாரத்தைக் குறைத்தாலன்றிக் கப்பல் பிழைக்காது. அரிசி மூட்டைகள் மேலே இருக்கின்றன, கனமாகவும் இருக்கின்றன. மாலுமி அவற்றைக் கடலில் தள்ளச் சொல்கிறார். கப்பல் பிழைத்துக் கரை சேர்கிறது. துணிக்காரர் மகிழ்கிறார், சங்குக்காரர் மகிழ்கிறார், கப்பலுடையார் மகிழ்கிறார். அரிசிக்காரர் என்ன செய்வார்?

‘உன் விதி’ என்று அவரை அனுப்பிவிடவில்லை, பழங்காலக் கடற்சட்டம். அவருடைய அரிசி மூழ்கியதாலேயே மற்றவர் பண்டம் மிதந்தது. ஆகவே இழந்த 10 இலட்சத்தை நால்வரும் தத்தம் மதிப்பிற்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கப்பலுடையார் 6, துணிக்காரர் 2, சங்குக்காரர் 1, அரிசிக்காரர் தம் பங்காக 1. அவருக்கு 9 இலட்சம் திரும்பக் கிடைக்கிறது. ரோடுத் தீவின் கடற்சட்டத்தினது என்று கூறப்படும் இம்முறையை ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் தொகுப்பித்த உரோமச் சட்டத் தொகுதியில் காணலாம். கப்பலிலிருந்து எறியப்பட்ட சரக்கின் இழப்பை யார் ஏற்பது என்பதை இஸ்லாமியச் சட்ட அறிஞரும் ஆராய்ந்தனர். இம்முறைக்கே ஐரோப்பியத் துறைகளில் ‘அவாரியா’ என்றும், ‘ஆவரேஜ்’ என்றும் பெயர் நிலைத்தது.

இம்முறை அழிந்துபோன பழங்கதையன்று. 1864இல் யார்க் நகரிலும் 1877இல் ஆண்ட்வெர்ப் நகரிலும் கூடியவர்கள் வகுத்த விதிகள் யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகள் என்னும் பெயரால் திருத்தப்பெற்று இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடற்காப்பீட்டுச் சட்டமும் இதனை ஏற்கிறது. 2021 மார்ச் 23 அன்று சூயசுக் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வணிகத்தையே நிறுத்திவைத்த ‘எவர் கிவன்’ கப்பலை மாணவர் மறந்திருக்கமாட்டார். அக்கப்பலின் உரிமையாளர் ஏப்ரல் தொடக்கத்தில் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். அதில் ஏற்றப்பட்டிருந்த 18,000க்கும் மேற்பட்ட பெட்டகங்களின் சொந்தக்காரர்கள், கப்பலை மீட்ட செலவில் தத்தம் பங்கிற்கு உறுதி அளிக்க வேண்டியவராயினர். தேநீர்க் கோப்பை ஏற்றியவரும் பங்குதாரர், தொலைக்காட்சிப் பெட்டி ஏற்றியவரும் பங்குதாரர்.

நம் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மண்ணடியிலும் இராயபுரத்திலும் கப்பல் முகவரிடமோ காப்பீட்டு அலுவலகத்திலோ பணியாற்றுவோர்க்கு இருவகை ஆவரேஜ் தெரியும். அனைவர் நலனுக்காக ஒருவர் இழந்தால் அது ‘ஜெனரல் ஆவரேஜ்’. இழப்பை அனைவரும் ஏற்பர். எவர் நலனுக்காகவும் அன்றித் தற்செயலாய் ஒருவர் சரக்கு நனைந்தாலோ உடைந்தாலோ அது ‘பர்ட்டிகுலர் ஆவரேஜ்’. அதை அவரேதான் ஏற்க வேண்டும். முன்னதைப் பொது இழப்பு என்றும் பின்னதைத் தனி இழப்பு என்றும் தமிழில் வழங்குவோம். இவ்விரண்டின் வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இழப்பைப் பகிர்ந்தளிக்கும் இக்கணக்கிலிருந்தே, பதினெட்டாம் நூற்றாண்டில், பல எண்களைக் கூட்டிச் சமமாய் வகுத்துப் பெறும் எண்ணுக்கும் ‘ஆவரேஜ்’ எனப் பெயர் வந்தது. கடலை விட்டுச் சொல் கரையேறிற்று. பின்னர் 1835இல் பெல்ஜிய நாட்டு வானியலாளர் கெத்தலே, மக்களின் உயரம், எடை முதலியவற்றைத் திரட்டிச் சராசரி மனிதன் என்று ஒருவனைக் கற்பித்தார். அவன் எந்தத் தெருவிலும் வசிக்காதவன், எந்தத் தாயும் பெறாதவன். ஆயினும் அன்றுமுதல் உயிருள்ள மனிதரையெல்லாம் இவ்வுயிரில்லாதவனோடு ஒப்பிட்டு மேல், கீழ் என்று சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்ட சொல், யார் எவ்வளவு தாழ்ந்தவர் என்று சொல்லும் சொல்லாயிற்று. மொழிநூலார் இதனைப் பொருள் மாற்றம் என்று ஒரு வரியில் முடிப்பர். நாம் இதனை ஒரு நட்டம் என்றே எண்ணுகின்றோம்.

தமிழில் ‘சராசரி’ இருக்கிறதே என்பர். இருக்கிறது. அதுவும் பாரசீக ‘சராசர்’ என்பதன் வழியாய் நவாபுகளின் வருவாய்க் கணக்கு மொழியில் ஏறி நம்மிடம் வந்ததே. ‘சர்’ என்றால் தலை. சராசர் என்பது தலையிலிருந்து தலைவரை, முழுதும். மொத்தத்தையும் தழுவிப் பார்த்த மதிப்பே சராசரி. கல்யாண வீட்டுச் செலவைப் பேசுகையில் “தலைக்கு இவ்வளவு” என்று நாம் சொல்வதிலும் தலையே கணக்கின் அலகு. தனித்தமிழ் அன்பர் ‘நிரவல்’ என்னும் சொல்லைப் பரிந்துரைப்பர். மேடு பள்ளத்தைச் சமன்செய்தல் என்னும் அதன் பொருளில் பழைய அவாரியாவின் மணம் வீசுகிறது என்பதால் நமக்கும் அது உவப்பே. பாடநூல் சராசரியை விட்டு எளிதில் இறங்கப்போவதில்லை என்பது வேறு செய்தி.

சொல்லாராய்ச்சி இத்துடன் நிற்க. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் நம் கடற்கரைக்கு இச்சொல் என்ன சொல்கிறது?

2017 சனவரி 28 அன்று, எண்ணூரில் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையெங்கும் கரிய சேறாய்ப் படிந்தது. அதனை மீனவரும் தொண்டர்களும் வாளி கொண்டு அள்ளிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற்குள் புகுந்தது. வீட்டுச் சுவரிலும் வலையிலும் படகிலும் எண்ணெய்ப் படலம். அவ்வடு ஆறுவதற்குள், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவிற்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இவற்றிற்கெல்லாம் முன்பிருந்தே, அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தைத் தூர்த்து வருகிறது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்க்குச் சேறே மிச்சம்.

இங்கே ஆவரேஜ் இருமுறை பொய்க்கிறது.

முதலாவது, எண்ணின் வழியாக. காற்றின் தரத்தை 24 மணி நேரத்திற்கும் ஓராண்டிற்கும் ஆவரேஜ் எடுத்தே அளவிடுகின்றனர். நெடுநாள் மாசை அறிய அது வேண்டியதே. ஆனால் நள்ளிரவில் சில நிமிடங்கள் சூழ்ந்து மூச்சை அடைத்த வாயு, நாள் முழுவதற்கும் பங்கிடப்பட்டால் சிறியதோர் எண்ணாய்ச் சுருங்கிவிடும். குழந்தையின் நுரையீரல் 24 மணி நேர ஆவரேஜில் மூச்சு விடுவதில்லை.

இரண்டாவது, நீதியின் வழியாக. எண்ணூரில் எரியும் நிலக்கரி யாருடைய மின்விளக்கு? மணலியில் வடிக்கப்படும் எண்ணெய் யாருடைய வாகனத்திற்கு? அங்கே செய்யப்படும் உரம் யாருடைய வயலுக்கு? சென்னை மாநகரம் முழுதும், தமிழகத்தின் பெரும்பகுதியும் ஏறியுள்ள கப்பல் இது. அக்கப்பல் மிதக்கும் பொருட்டு எறியப்பட்ட மூட்டை, எண்ணூர்க்காரரின் ஆறும் வலையும் மூச்சும். கடற்சட்டத்தின் மொழியில் இது ஐயத்திற்கிடமின்றிப் பொது இழப்பு. நடைமுறையில் நாம் அதனைத் தனி இழப்பாகவே எழுதி வைத்திருக்கிறோம். “அந்தப் பக்கம் அப்படித்தான்” என்று தென்சென்னை நண்பர் சொல்லும்போது அவர் கணக்கை முடித்துவிடுகிறார்.

நிவாரணம் வழங்கப்படுகிறதே என்பர். வழங்கப்படுவது உண்மை, வேண்டாமென்பார் இலர். நம் அரிசிக்காரரை மீண்டும் நினைத்துப் பார்க்க. அவர் பெற்ற 9 இலட்சம் நிவாரணமன்று, பங்கு. நிவாரணம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. பங்கு பெறுபவர் உரிமையைப் பொறுத்தது. ஜகாத்தைப் பிச்சை என்று யாரேனும் சொன்னால் நம் பெரியோர்க்குச் சினம் வரும், அது ஏழையின் உரிமை என்று திருத்துவர். அத்திருத்தத்தைத் துறைமுக நகரத்தின் கணக்கேட்டிலும் செய்தல் தகும்.

கப்பலின் மேல்தட்டிலும் கீழ்தட்டிலும் சீட்டுக் குலுக்கி இடம்பிடித்த மக்களைப் பற்றிய நபிமொழி யாவரும் அறிந்தது. கீழ்தட்டினர் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது. மேலுள்ளோர்க்குத் தொல்லை தராமல் தம் பகுதியிலேயே ஒரு துளை இட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினர். மேல்தட்டினர் தடுக்காவிடில் இரு சாராரும் மூழ்குவர், தடுத்தால் இரு சாராரும் பிழைப்பர். இந்நபிமொழிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் தீமையைத் தடுக்கும் கடமை பற்றியது. அதனோடு நாம் வேறொன்றையும் கவனிக்கிறோம். கீழ்தட்டினர் தீயோராகக் காட்டப்படவில்லை. அவர்களுக்குத் தாகம். அவ்வளவே.

இனி, நம் வகுப்பறைக்குத் திரும்புவோம். நம் மாணவருள் விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் கூடை தூக்கிவிட்டு முதல் வகுப்பிற்கு வருவோர் உண்டு. பெட்டகக் கிடங்கில் இரவுப் பணியில் பெட்டி எண் குறித்துவிட்டு வருவோரும் உண்டு. தகப்பனார் வளைகுடாவிலிருந்து வேலை இழந்து திரும்பியபின் கடையில் நிற்கும் மகனும், தாய்க்குத் துணையாய் இல்லத்தில் தைத்துக் கொடுக்கும் மகளும் உண்டு. குடும்பம் என்னும் கப்பல் மூழ்காதிருக்கப் படிப்பு நேரத்தை எறிந்தவர்கள் இவர்கள். அண்ணன் எறிந்ததால் தம்பி பள்ளியில் மிதக்கிறான். இவர்களைப் பற்றியே, ஏட்டில் 48 விழுக்காடு கண்டு, ‘ஆவரேஜ்’ என்கிறோம். வருகை 75 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் அதற்கொரு கட்டணமும் விதிக்கும் வழக்கம் நம் கல்வித்துறையில் உண்டு. சரக்கை இழந்தவனிடமே தண்டம் வாங்கும் இம்முறைக்கு எந்தத் துறைமுகத்துச் சட்டத்திலும் இடமில்லை!

மீன்பிடிப் படகில்கூட இவ்வாறு நடப்பதில்லை. டீசல், ஐஸ் முதலிய செலவைக் கழித்தபின் மிஞ்சியது படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்காகப் பிரிகிறது. குறைந்தால் எல்லோர்க்கும் குறையும். எழுத்தறியாதார் என்று நாம் கருதும் கரையில் அவாரியா உயிரோடிருக்கிறது. எழுத்தறிந்த நம் அறையில் அதன் பெயர் மட்டும் இருக்கிறது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். கல்வி உதவித்தொகை வழங்கும் நம் அறக்கட்டளைகள் பலவற்றின் படிவத்தில் முதற் கேள்வி மதிப்பெண் பற்றியதாகவே இருக்கிறது. 60க்கு மேல் பெற்றவரே விண்ணப்பிக்கலாம் என்று வரம்பும் இடுவர். தகுதியைப் போற்றுதல் வேண்டியதே. பதக்கமும் பரிசும் அதற்கெனவே உள்ளன. உதவித்தொகை பதக்கமன்று. ஏற்கெனவே மிதப்பவனுக்கு மேலும் ஒரு கட்டை கொடுத்து, எறிந்தவனைக் கரையில் நிறுத்திவைப்பது, கப்பலோடிய மரபினர்க்கு அழகன்று. மதிப்பெண் வரம்பை நீக்கினால் சோம்பேறிகள் புகுந்துவிடுவர் என்னும் அச்சம் நியாயமானது. கடற்சட்டத்திலும் இதே அச்சம் இருந்தது. அதனாலேயே இழப்பு மெய்தானா, பொது நலனுக்குத்தானா என்று ஆராய ‘ஆவரேஜ் அட்ஜஸ்டர்’ என்னும் தனி அலுவலரை நியமித்தனர். கணக்கை ஆராய்ந்தனரேயன்றிக் கணக்கையே ஒழித்துவிடவில்லை. ஒவ்வொரு துறையிலும் தம் மாணவர் இல்லநிலை அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் இருப்பார். அவ்வலுவலுக்கு அவரே போதும்.

புதிய கல்வியாண்டிற்கான உதவித்தொகைப் படிவங்கள் இன்னும் அச்சிற்குச் செல்லவில்லை என்று எண்ணுகிறோம். மதிப்பெண் கட்டத்தின் கீழே, ‘குடும்பத்தின் பொருட்டு இம்மாணவர் இழந்த கல்வி நேரம் எவ்வளவு, காரணம் என்ன’ என்று கேட்கும் ஒரு கட்டத்தை இட மூன்று வரி இடம் வேண்டும். அதனைப் பெற்றோர் நிரப்ப இயலாத இடங்களில் நம் துறை மாணவர் உடனிருந்து எழுதித் தருவர்.